ஓடி நின்ற பிறகு உடலுக்குள் நடப்பது

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தீர்ந்து நீ மீண்டும் ஓடத் தொடங்கியதை அறிந்து மனம் நிறைந்தது. 30 விநாடி முழு வேகத்தில் ஓடி, சற்று நடந்து, மறுபடி ஓடும் பயிற்சி, உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூட்டும் என்று எவரோ சொன்னதால் அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக நீ அஞ்ச வேண்டியதில்லை.

அந்த 30 விநாடிகளில் முதலில் பெருகுவது கார்டிசால் அன்று, அட்ரினலின் என்ற வேறொரு ஹார்மோன். நரம்புகள் நேரடியாகத் தூண்டுவதால், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி அதை நொடிகளில் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதயம் விரைகிறது, கல்லீரல் தன் கிளைக்கோஜன் சேமிப்பைச் சர்க்கரையாக மாற்றி வெளியே விடுகிறது. ஓடி முடித்ததும் இரத்தச் சர்க்கரை முன்பைவிடக் கூடியிருந்ததாக எழுதியிருந்தாயே, கல்லீரல் தந்த வேகத்துக்குத் தசைகள் எடுத்துக்கொள்ளாததே அதற்குக் காரணமாக இருக்கலாம். அட்ரினலின் வந்த வேகத்திலேயே, சில நிமிடங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கார்டிசாலுக்கு வழி நீளம். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சுரக்கும் ஏசிடிஎச் ஹார்மோன் இரத்தத்தின் வழியே அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியை அடைந்த பிறகுதான் கார்டிசால் உருவாகவே தொடங்குகிறது, ஏனெனில் சுரப்பி அதைச் சேமித்து வைத்திருப்பதில்லை. ஆகவே நீ ஓடி முடித்து உட்கார்ந்து இளைப்பாறும்போதுதான், ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடங்கள் கழித்து, அது உச்சத்தைத் தொடுகிறது. களைப்பு தணிந்த பின்னும் உடல் உனக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எரிபொருளை ஈடுசெய்யவும் அழற்சியை அடக்கவும் அந்த ஏற்றம் உடலுக்குத் தேவை; ஓரிரு மணி நேரத்தில் அது தணிந்துவிடும். எந்தப் பயிற்சியும் செய்யாதவருக்கும் தினமும் காலையில் விழித்த அரைமணி நேரத்தில் கார்டிசால் உயரத்தான் செய்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. வாரம் 6 நாள் இப்படி ஓடுகிறாய், இரவில் 5 மணி நேரமே உறங்குகிறாய். ஏறியது இறங்குவதற்கு அவகாசம் எங்கே இருக்கிறது? வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் மட்டும் வேகமாக ஓடு, மற்ற நாட்களில் மெதுவாக நட, உறக்கத்தை நீட்டு. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வை. இரண்டு வாரக் கணக்கை அடுத்த கடிதத்தில் எழுது. இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்