ரம்ஜான் வாழ்த்து சொல்லலாமா?

ஆசிரியருக்கு,

கிறிஸ்தவர்கள் ரம்ஜான் வாழ்த்து சொல்லலாமா என்று எங்கள் பங்கில் (தேவாலய வட்டாரத்தில்) நோன்பு வந்தாலே சர்ச்சை கிளம்பிவிடுகிறது. தாராளமாகச் சொல்லலாம். முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குவதாக உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே அறிவித்துவிட்டது. 1967 முதல் வத்திக்கானே ரம்ஜானையொட்டி அவர்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது. 2013இல் போப் பிரான்சிஸ் தானே கையெழுத்திட்டு அனுப்பினார்.

இயேசுவைப் பற்றிய நம்பிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு, அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால், பக்கத்து வீட்டுப் பிள்ளை சூடு ஆறுவதற்குள் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து நீட்டும்போது, வாங்கிக்கொண்டு வாய்மூடி நிற்பது எந்த ஊர் நியாயம்? கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீடு தேடி வந்து வாழ்த்துகிறார்களே! பங்குத்தந்தையர் இதை ஞாயிறு பூசையிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கத்தோலிக்க வாசகர்,
நாகப்பட்டினம்.