எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாண்டம் கணினிச் செய்திகளில் க்யூபிட் (அக்கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) எண்ணிக்கையையே தலைப்பாக்கும் வழக்கம், அயனிப் பொறிக் கணினிகளைப் புரிந்துகொள்ள உதவவில்லை. 1995-இல் இயற்பியலாளர்கள் சிராக், சோலர் ஆகிய இருவரும் முன்வைத்த இம்முறையில், எலெக்ட்ரான் ஒன்றை இழந்த இட்டெர்பியம் போன்ற அணுக்கள், அதாவது அயனிகள், க்யூபிட்டுகளாக வெற்றிடத்தில் மின்புலங்களால் அந்தரத்தில் நிறுத்தப்பட்டு, லேசர் ஒளியால் இயக்கப்படுகின்றன. ஒரே ஐசோடோப்பின் (ஒரு தனிமத்தில் ஒரே நியூட்ரான் எண்ணிக்கை கொண்ட அணுவகை) அயனிகள் இயல்பிலேயே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். தொழிற்சாலையில் வார்க்கும் க்யூபிட்டுகளுக்கு இந்தப் பேறு கிடையாது.

அயனிகளின் வரிசை நீளும்போதுதான் சிக்கல். ஓர் அயனியை அசைத்தால், மின்விலக்கு விசையால் வரிசை முழுவதும் அதிர்கிறது. அந்த அதிர்வே க்யூபிட்டுகளை இணைக்கும் பாலம் என்றாலும், அயனிகள் கூடக்கூட அதிர்வெண்கள் நெருக்கியடித்துக்கொள்வதால், வேண்டிய அதிர்வை மட்டும் பிரித்துப் பயன்படுத்துவது கடினமாகிவிடுகிறது. ஆகவேதான், 2002-இல் கீல்பின்ஸ்கி, மன்றோ, வைன்லேண்ட் ஆகியோர் முன்மொழிந்தபடி, ஒரே மின்னணுச் சில்லில் பல சிறு பகுதிகளை அமைத்து, ரயில் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவதுபோல அயனிகளை நகர்த்துகிறார்கள். நகர்த்தும்போது சூடேறும் அயனிகளை மறுபடி குளிர்விப்பதிலேயே கணிசமான நேரம் போய்விடுகிறது.

2024-இல் குவான்டினியம் நிறுவனத்தின் அயனிப் பொறி இயந்திரம் எட்டிய 56 க்யூபிட் என்ற எண், இந்தப் பின்னணி தெரியாதவருக்குச் சிறியதாகவே தோன்றும். இனி இத்தகைய செய்திகளில் பிழை விகிதத்தையும் செயல் வேகத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்