முதல் ஆளாக ஓடப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கோவில்பட்டியில் வெயில் இன்னும் குறையவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆற அமரப் படி.

ஹாக்கி டீமில் ஃபார்வர்டில் ஆடிக்கொண்டிருந்த உன்னை டிஃபென்ஸுக்கு மாற்றி, எதிரணி பெனால்டி கார்னர் எடுக்கும்போது கோல் கோட்டிலிருந்து அடிக்கிறவளை நோக்கி முதல் ஆளாக ஓடித் தடுக்கிற ஃபர்ஸ்ட் ரஷ்ஷராகவும் போட்டுவிட்டார்கள் என்றாய். மாற்றியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது உன் கோச்சுக்குத் தெரியும். "அந்த தைரியமெல்லாம் பிறவியிலேயே இருக்கணும்ப்பா, எனக்குக் கிடையாது" என்றாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் பார்த்த வரைக்கும் ஹாக்கியில் யாரும் அப்படிப் பிறந்து வரவில்லை. அடி வாங்கி, தோற்று, டீமை விட்டு வெளியே உட்கார்ந்து, அப்புறம்தான் அந்த உறுதி வருகிறது.

நம் பெண்கள் அணியின் கோல்கீப்பராக ஆடிய சவிதா புனியாவை எடுத்துக்கொள். ஹரியானாவில் சிர்சா பக்கம் ஜோத்கான் என்ற கிராமம். ஆரம்பத்தில் ஹாக்கி மேல் பெரிய ஆசையெல்லாம் இல்லாமல், தாத்தா சொன்னார் என்று போனவர். கோல்கீப்பர் கிட் என்ன கனம் கனக்கும் என்று உனக்குத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி பிராக்டிஸுக்குப் போன பெண். 2016 ரியோவில், 36 வருஷத்துக்குப் பிறகு நம் பெண்கள் அணி ஒலிம்பிக்ஸ் போனபோது கோலில் நின்றது அவர்தான். ஆஸ்திரேலியாவிடம் 6-1, அர்ஜென்டினாவிடம் 5-0. பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். அன்றைக்கு யாராவது வந்து, "இந்தப் பெண்ணைத்தான் ஒருநாள் உலகத்தின் சிறந்த கோல்கீப்பர் என்று தொடர்ந்து மூன்று தடவை தேர்ந்தெடுப்பார்கள்" என்று சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் முதல் மூன்று மேட்சும் தோல்வி. நெதர்லாந்து 5-1, ஜெர்மனி 2-0, பிரிட்டன் 4-1. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் அயர்லாந்தை ஜெயித்து, வந்தனா கட்டாரியாவின் ஹாட்ரிக்கில் தென்னாப்பிரிக்காவையும் ஜெயித்துக் காலிறுதிக்கு வந்தார்கள். வந்தனாவின் அப்பா அந்த வருஷம்தான் தவறிப்போனார். கேம்ப்பில் இருந்ததால் கடைசியாக முகம் பார்க்கக்கூட அந்தப் பெண்ணால் ஊருக்குப் போக முடியவில்லை. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

காலிறுதியில் எதிரே அதே ஆஸ்திரேலியா. 22-வது நிமிடம் குர்ஜித் கவுர் ஒரு பெனால்டி கார்னரைக் கோலாக்கினார். மிச்ச நேரம் முழுக்க ஆஸ்திரேலியா நம் கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள்ளேயேதான் நின்றது. ஒன்று போனால் இன்னொன்று என்று பெனால்டி கார்னர் வந்துகொண்டே இருந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. 1-0. சவிதாவும் தீப் கிரேஸ் எக்காவும் சுசீலா சானுவும் ரியோவில் அந்த ஆறு கோலை வாங்கிய அணியில் இருந்தவர்கள். நடுவில் ஐந்து வருஷம். ஷோர்ட் மரைன் கோச்சாக இருந்தார், உடல் தகுதியை வெய்ன் லம்பார்ட் பார்த்துக்கொண்டார். கடைசிக் குவார்ட்டரிலும் கால் ஓய்ந்துபோகாத அளவுக்கு இந்தப் பெண்களை ஓடவைத்தார்கள். நெஞ்சில் தைரியம் நிற்க வேண்டுமென்றால் முதலில் காலில் தெம்பு இருக்க வேண்டும், பாப்பா.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். பேக் லைனிலிருந்து, அதாவது கோல் பக்கத்துக் கோட்டிலிருந்து, புஷ் பண்ணுகிறவள் பந்தைத் தள்ளிய அந்த நொடியே நீ கிளம்ப வேண்டும், அதற்கு முன்னால் கோட்டைத் தாண்டக்கூடாது. அவளுடைய ஸ்டிக்கைப் பார், பந்து உருண்டு போவதைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம். வட்டத்தின் உச்சியில் பந்து நிற்பதற்குள் நீ பாதி தூரம் தாண்டியிருக்க வேண்டும். ஸ்டிக் தரையோடு தரையாக இருக்கட்டும். நீ ஒரு பக்கத்தை அடைத்தால் மறுபக்கத்தை கோல்கீப்பர் பார்த்துக்கொள்வாள். அதனால் எந்தக் கோட்டில் ஓடுவது என்பதை முதலிலேயே அவளிடம் பேசி வைத்துக்கொள், பாதி வழியில் மாற்றாதே. மாற்றினால் அவளுக்கும் பந்து மறைந்துவிடும். கண்ணை மூடாதே, முகத்தைத் திருப்பாதே. திரும்பினால்தான் மாஸ்க் மறைக்காத இடத்தில் அடி படும். அடிக்கிறவளுக்கு ஐந்து மீட்டருக்குள் வந்து உன் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் அவர்களுக்கு மறுபடியும் கார்னர். சரி, பரவாயில்லை, மறுபடியும் ஓடு.

இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கிற ஆள், நம் ஆண்கள் அணியில் ஆடிய அமித் ரோஹிதாஸ். ஒடிசாவில் சுந்தர்கர் மாவட்டம், முன்னாள் இந்தியக் கேப்டன் திலீப் திர்க்கி பிறந்த அதே சவுனாமாரா கிராமம். 2013-இல் இந்தியாவுக்கு ஆடிவிட்டு, அப்புறம் டீமில் இடம் இல்லாமல் போனது. ரியோவுக்கும் போகவில்லை. 2017-இல் திரும்பி வந்து, பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசுகிற டிராக் ஃபிளிக் அடிக்கிறவன் எவனாக இருந்தாலும் நேராக அவன் மேல் ஓடுகிற ஆளாக மாறினார். டோக்கியோவில் ஆண்கள் அணி வாங்கிய வெண்கலத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அவரிடமிருந்தே இன்னொன்றையும் பார்த்துக்கொள். 2024 பாரிஸில் பிரிட்டனோடு காலிறுதி. 17-வது நிமிடத்தில் அவர் ஸ்டிக் வில் கால்னனின் முகத்தில் பட்டு ரெட் கார்டு வாங்கினார். வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். இருந்தாலும் கார்டு கார்டுதான். நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேரோடு ஆட வேண்டி வந்தது. நடுக்களத்தில் ஆடிப் பழகிய மன்ப்ரீத் சிங் பின்னால் இறங்கி டிஃபென்ஸில் நின்றார். அவருக்கு அது நாலாவது ஒலிம்பிக்ஸ், கேப்டனாகவும் இருந்தவர். முகம் சுளிக்காமல் வந்து நின்றார், பார். 1-1 என்று இழுத்துப் பிடித்து ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் ரோஹிதாஸுக்குத் தடை, ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றோம். ஸ்டிக்கை ஓங்குவதற்கு நீ இந்த வேலையைப் பழக வேண்டாம். அந்த ஒரு நொடி கோபத்துக்கு மற்ற பத்துப் பேர் ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேள். தலையில் அடி பட்டால் மறைக்காதே. கை கால் வலி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவதை நான் புரிந்துகொள்வேன். தலை சுற்றினாலோ கண் மங்கினாலோ உடனே பிசியோவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு. மேட்ச் போனால் போகட்டும்.

மாஸ்க்கில் உள் ஸ்பாஞ்ச் தேய்ந்துவிட்டது என்றாயே. புதுசு வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன், அதை வேறு எதற்கும் எடுக்காதே. முழங்கால் பேடும் பார்த்து வாங்கு, ஓடும்போது வழுக்கி இறங்காததாக இருக்க வேண்டும். அம்மா உன் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறாள், அவளிடம் தனியாகப் பேசு. அடுத்த டோர்னமென்ட் எந்த ஊரில் என்று தெரிந்ததும் சொல். மதுரையிலோ சென்னையிலோ என்றால் நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுவோம்.

அன்புடன்,
அப்பா