அரசியல் வாடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உலக சினிமாப் பக்கத்தில் இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் 'அமர்கார்ட்' படத்தைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு. இரண்டாம் முறை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "அரசியல் வாடையே இல்லாத இனிய பால்யச் சித்திரம். அதிலும் அப்பாவுக்கு விளக்கெண்ணெய் புகட்டும் காட்சி வயிறு குலுங்க வைக்கும்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

வாடையே இல்லையாம். அப்படியானால் அந்த மனிதரை அவர் மனைவி இரவு நேரத்தில் தொட்டியில் நிற்கவைத்து வெந்நீர் ஊற்றிக் கழுவுவது எதற்காக என்று நினைத்தார்?

எனக்கு விளக்கெண்ணெய் தெரியும். முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாள் விடியற்காலையில் எங்கள் பாட்டி பேரப்பிள்ளைகள் ஐந்து பேரையும் திண்ணையில் வரிசையாக உட்காரவைப்பாள். மூக்கைப் பிடித்து ஆளுக்கு ஒரு பாலாடை. மத்தியானம் குழைந்த சோறும் மிளகு ரசமும். வைதுகொண்டேதான் ஊற்றுவாள், ஆனால் இன்னொரு கை முதுகைத் தடவிக்கொண்டிருக்கும். கட்டுரையாளரும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். எண்ணெயைக் கண்டதும் அவருக்குத் தம் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் பாசிஸ்ட் அடியாட்களான கருஞ்சட்டைக்காரர்கள் யாருக்கும் பாட்டி அல்லர்.

1920களிலிருந்தே எதிராளிகளைப் பிடித்து வைத்து விளக்கெண்ணெயைக் கட்டாயமாகப் புகட்டுவது அவர்களுடைய தண்டனை முறை என்பது தங்களுக்குத் தெரியாததன்று. அடித்து உதைத்தால் ஊர் இரக்கப்படும். வேட்டியை, மன்னிக்கவும், காற்சட்டையை அசுத்தம் செய்துகொண்டு வீட்டுக்கு நடக்கவைத்தால் ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் எண்ணெய். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்துத் தங்கள் கட்டுரையாளர் அவர்கள் எதிர்பார்த்தபடியே சிரித்திருக்கிறார்.

படத்தில் நடப்பது இதுதான். கட்சிப் பெரியவர் ஊருக்கு வருகிறார், ஊர்வலம் நடக்கிறது. இரவில் கோயில் மணிக்கூண்டிலிருந்து வயலினில் ஒரு பாட்டு கேட்கிறது. இடதுசாரிகளின் உலகத் தொழிலாளர் கீதம். யாரோ அங்கே கிராமபோனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கருஞ்சட்டை வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கி அந்த கிராமபோனைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். இங்கே சிரிக்கலாம், ஃபெல்லினியே சிரிக்கச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் அவுரேலியோவை, பையன் டிட்டாவின் தந்தையை, விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள். சிரித்த வாயை மூடுவதற்குள் எண்ணெய் வந்துவிடுகிறது. வீட்டில் தொட்டியருகே நிற்பவள் மிராண்டா. முன்பு சாப்பாட்டு மேசையில் கணவனோடு மல்லுக்கட்டி, உங்கள் எல்லாருக்கும் சூப்பில் விஷம் வைக்கிறேன் என்று கத்தினாளே, அதே பெண்.

பூக்களால் ஆன முசோலினியின் பிரம்மாண்ட முகத்துக்கு முன்னால் ஒரு குண்டுப் பையன் தன் கல்யாணத்தைக் கற்பனை செய்துகொள்வதும் இதே படத்தில்தான் வருகிறது. அதுவும் 'அரசியல் வாடையே இல்லாத' பூக்கடை என்று எண்ணிவிட்டாரோ என்னவோ.

"கதையே இல்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கத் தொடங்கலாம்" என்றும் ஒரு வரி இருக்கிறது. ஐயா, நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். 1980களில் எங்கள் ஊரில் ஒரு திரைப்படச் சங்கம் இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, 16 மில்லிமீட்டரில் இந்தப் படத்தைப் போட்டார்கள். மூன்று ரீல். ஆபரேட்டர் முதல் ரீலுக்குப் பிறகு மூன்றாவதை மாட்டிவிட்டார். பனி கொட்டியது, பனியில் மயில் தோகை விரித்தது, மிராண்டா செத்தாள், அடக்கம் ஆனது, ஊரே ஏங்கிய கிராதிஸ்கா கடற்கரையில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பிறகு இரண்டாவது ரீல். அடக்கம் ஆன மிராண்டா எழுந்து வந்து கணவனுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முடிந்த பிறகு நடந்த கலந்துரையாடலில், "இறந்தவள் நினைவாகத் திரும்புகிறாள், இதுதான் ஃபெல்லினி" என்று ஒரு பேராசிரியர் கால் மணி நேரம் பேசினார். நான் எழுந்து, ரீல் மாறிவிட்டது என்றேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துச் சிரித்தார்கள். வசந்தத்தில் பஞ்சு பறப்பதோடு தொடங்கி அடுத்த வசந்தத்தின் பஞ்சோடு முடியும் படம் அது. ஒரே ஒரு வருஷம், அதற்குள் ஒரு பையனுக்குத் தாய் இல்லாமல் போகிறாள். அந்த வரிசை போனால் என்ன மிச்சம்? அன்று எனக்குக் கோபம் வந்தது. சென்ற இதழைப் படித்தபோது அதே கோபம் கொஞ்சமும் குறையாமல் வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "சொந்த ஊரான ரிமினியின் தெருக்களில் படமாக்கினார்" என்பது தவறு. அந்தத் தெருக்களை ரோமில், சினேசித்தா படப்பிடிப்புத் தளத்தில் கட்டினார்கள். ஊரே படகேறிப் போய்க் காத்திருந்து பார்க்கும் ரெக்ஸ் கப்பல் மிதப்பது பிளாஸ்டிக் கடலில். "சிறுவனாகத் தாம் கண்ட கப்பலை ஃபெல்லினி அப்படியே காட்டினார்" என்கிறார் கட்டுரையாளர். ரெக்ஸின் வழக்கமான பயணம் ஜெனோவாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையில். ஜெனோவா இத்தாலியின் மேற்குக் கரை; ரிமினி கிழக்குக் கரை. பள்ளிக்கூட அட்லஸ் போதும். இப்படிச் சொல்வதால் படம் சிறுத்துவிடாது. 1920இல் அந்த ஊரில் பிறந்து 1939இல் கிளம்பிப்போனவர், 1973இல் அதை அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. படத்தின் பெயரும் இத்தாலி மொழிச் சொல் அன்று. ரிமினி இருக்கும் ரொமாஞா வட்டார வழக்கில் 'எனக்கு நினைவிருக்கிறது' என்பதைச் சேர்த்துச் சொன்னால் வரும் ஒலி அது.

இத்தனைக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு படத்தைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பிரசுரித்தீர்கள். நன்றி. நான்கு பக்கத்தில் முதல் பத்தியும் கடைசி வரியும் வந்திருந்தன. முதல் பத்தியில் தங்கள் இதழைப் பாராட்டியிருந்தேன், கடைசி வரியில் வணக்கம் சொல்லியிருந்தேன். நடுவில் இருந்ததுதான் கடிதம். தங்களுக்கு இட நெருக்கடி இருப்பதை உணர்கிறேன். அதே பக்கத்தில் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்குக் கால் பக்கம் கிடைத்ததையும் கண்டேன்.

நான் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் ஓர் ஓரத்தில், விளக்கெண்ணெய்க் காட்சியில் நடப்பது பாசிஸ்டுகளின் சித்திரவதை என்று ஒரே ஒரு வரித் திருத்தம். நாய்க்குட்டி அளவு இடம் வேண்டாம்.

இரண்டாவது, தங்கள் திரைப்படச் சங்கச் சிறப்பிதழுக்காக நான் அனுப்பிய, எங்கள் ஊர்ச் சங்கம் அன்று இந்தப் படத்தைத் திரையிட்டபோது கொடுத்த ரோனியோ துண்டறிக்கை. 'பயன்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம்' என்று தங்கள் அலுவலகம் எழுதிய அஞ்சலட்டை என்னிடம் இருக்கிறது. அறிக்கை வரவில்லை, சிறப்பிதழிலும் அதைக் காணவில்லை. அதன் பின்பக்கத்தில் அன்று இருட்டில் பென்சிலால் '1, 3, 2' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடையாளத்துக்கு அது போதும். சுய முகவரி எழுதித் தபால் தலை ஒட்டிய உறையை இணைத்திருக்கிறேன். கொஞ்சம் பெரிய உறையாகவே வாங்கியிருக்கிறேன், மடிக்க வேண்டாம்.

தங்கள் நெடுநாளைய சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர்,
மயிலாடுதுறை.