மன்றோ வந்தது 1842-இலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விழாவை ஒட்டி நீங்கள் வெளியிட்ட இணைப்பிதழில் '1842-இல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்' என்ற வரியைப் படித்தேன். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. பல சுற்றுலாக் கையேடுகளிலும் இதே வரிதான் இருக்கிறது. ஆனால் மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து மலையேறி வந்தாரா? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வைத்தவர் என்று பேர் வாங்கிய கலெக்டர் காக்பர்ன் 1820-களிலேயே இங்கே இருந்தார். அதற்கெல்லாம் முன்பே மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையை யார் 'கண்டுபிடிக்க' வேண்டும்?

இது ஒருபக்கம் இருக்கட்டும். என் மனத்தாங்கல் வேறு. மன்றோவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய மேலதிகாரியைச் சொல்வதே இல்லை. சேலத்துக்கும், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சீமையான பாரமகாலுக்கும் கிழக்கிந்தியக் கும்பெனி அனுப்பிய முதல் கலெக்டர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவர் வருவாய்த்துறை ஆள் அல்ல, ராணுவ உளவு அதிகாரி. இன்று பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூர் அன்று மைசூர் எல்லையை ஒட்டிய காவல் ஊர். அங்கிருந்தபடி திப்புவின் சீமைக்குள் என்ன நடக்கிறது என்று ஆள் வைத்து அறிந்து சொன்னவர் அவர். 1788-இல் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த இளைஞர்தான் மன்றோ. திப்புவோடு போர் வந்தபோது கவர்னர் ஜெனரல் காரன்வாலிசின் படைக்குத் தகவல் மட்டுமல்ல, தானியமும் ரீட் மூலமாக வந்தது. பொதிமாடுகளோடு ஊர் ஊராகத் திரிந்த லம்பாடிகளைப் பேசி இழுத்துவந்தார்.

1792-இல் திப்பு இந்தச் சீமையை விட்டுக்கொடுத்ததும் காரன்வாலிஸ் சென்னையின் சிவில் அதிகாரிகளைத் தாண்டி ரீடிடம் ஒப்படைத்தார். காரணம் எளியது. அந்த சிவில் அதிகாரிகளில் ஊர்ப் பாஷை தெரிந்தவர்கள் அபூர்வம். ரீடின் கீழே தர்மபுரிப் பக்கம் மன்றோ, சேலம் பக்கம் மெக்லியோட், வடக்கே கிரஹாம், மூவரும் பட்டாளத்துக்காரர்கள். 1793-இல் தொடங்கிய நில அளவை முடிய ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆனது. உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும், பிற்பாடு ரயத்துவாரி என்று பேர் பெற்ற ஏற்பாடு அந்த வருஷங்களில் இங்கேதான் உருவானது. அவர்கள் போட்ட தீர்வை கடுமையானது, பின்னால் வந்தவர்கள் குறைக்க வேண்டியிருந்தது. அதை மறைக்கவும் கூடாது.

உளவு பார்த்தவர் நிலம் அளந்தார் என்பது படிக்கிறவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. எம்.ஐ. என்று நாங்கள் சொல்லும் ராணுவ உளவுப் பிரிவில் புனேயில் பயிற்சி முடித்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். கடைசி நான்கு வருஷம் எல்லையோரத்தில் ஒரு கர்னலிடம் வேலை பார்த்தேன். புது கிராமத்துக்குப் போனால் எதிரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கடைத் திண்ணையில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பருப்பு என்ன விலை, கோவேறு கழுதைக்கு நாள் வாடகை எவ்வளவு, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார். ஒருமுறை கழுதை வாடகை ஒரே வாரத்தில் இரட்டிப்பானது. "யாருக்கோ சுமை தூக்க வேண்டியிருக்கிறது" என்றார், அவ்வளவுதான். குறிப்புப் புத்தகத்தில் வாடகையை மட்டும் எழுதிக்கொண்டார். எங்கள் ஊர் அடங்கலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும்: யார் நிலம், என்ன பயிர், எந்தப் பாசனம். 1999 மே மாதம் கார்கிலில் ஊடுருவியவர்களை முதலில் பார்த்துச் சொன்னவர்களும் கால்நடை மேய்க்கிறவர்கள்தானே.

அந்தக் கர்னலுக்குப் பதக்கம் கொடுத்தபோது வாசித்த குறிப்பில் ஊர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 'உணர்திறன் மிக்க பகுதியில் சிறப்பான பணி' என்று ஒரு வரி. பக்கத்தில் நின்ற அவர் மனைவி என்னிடம் திரும்பி, "இவர் அங்கே என்னதான் செய்தார்?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

சென்னைத் தீவுத்திடலில் மன்றோ சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த ரீடுக்குச் சேலத்தில் ஒரு தெரு பெயர்கூட இருப்பதாக நான் பார்த்ததில்லை. சிலை வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, வெள்ளைக்காரருக்குச் சிலை வைக்கும் காலமும் இது அல்ல. சென்னை அரசு அச்சிட்ட பாரமகால் ஆவணங்களில் ரீடின் கடிதங்கள் கிடக்கின்றன. அவற்றிலிருந்து நான்கைந்தைத் தமிழாக்கி, உங்கள் ஞாயிறு மலரில் வாரம் ஒன்றாகப் போட்டால் எங்கள் ஊர்ப் பையன்கள் படிப்பார்கள். அது ஆகிறவரை, அடுத்த கோடை விழா இணைப்பிதழிலாவது அந்த 1842-ஐ எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.