அரைப் பேரும் ஆறு கிலோ கழிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் வந்த தேயிலைக் கட்டுரையில், மலையகப் பெண்களுக்குக் கொழுந்து பறிப்பதில் நாட்டம் போய்விட்டது, மத்திய கிழக்கு வீட்டுவேலையைத்தான் விரும்புகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கொழுந்து எப்படி நிறுக்கப்படுகிறது என்று நன்றாகத் தெரிந்த நீங்கள் அதை அச்சுக்கு விட்டதுதான் மனதை நோகடித்தது.

26 வருடம் தோட்டத்தில் செக்ரோல் என்னும் வேலைநாள், சம்பளப் பதிவேட்டை எழுதியவன் நான். இங்கே சொல்வது எதுவும் கேள்விப்பட்டதல்ல.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனபோது முதல் பக்கத்தில் போட்டீர்கள். அந்தக் கணக்கையே எடுப்போம். நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ என்றால் 18 கிலோ பதிவானால்தான் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம். 17 கிலோவுக்குப் பல தோட்டங்களில் அரைப் பேர்தான், 675 ரூபாய். நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொன்றிலும் சாக்குக்கும் தண்ணிக்கும் என்று 2 கிலோ கழிவு. சாக்கு ஒரு கிலோ கூட வராது. மழைநாளில் ஈரத்துக்குக் கழிப்பது நியாயம்தான், ஆனால் பெப்ரவரி வெயிலில் இலை காய்ந்து சுருண்டு வரும்போதும் அதே 2 கிலோ போகிறது. ஆக 18 பதிவாக 24 பறிக்க வேண்டும். கழித்த 6 கிலோவும் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் போகிறது, அரைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் தூள் வரும். பறித்தவள் பேரில் மட்டும் அது விழாது.

24 கிலோ ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதில் செடி துவண்டது. ஏழு நாளுக்கொரு தடவை கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலை மலையை ஆள் குறைவால் 14 நாள் கழித்து எடுத்தால் கொழுந்து முற்றிப்போகும். முற்றியதைப் பறித்துக்கொண்டு வந்தால் கொட்டிப் பொறுக்கச் சொல்வார்கள், அதில் முக்கால் மணி நேரம் போகும். செடி நிரைகளுக்குள் இடுப்பளவு புல், அதற்குள் அட்டை, குளவி. செடி குறைத்துத் தருகிறது, நோம் மட்டும் குறைவதில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று 1984இல் ஆனது. நாட்சம்பளம் சமமானதே தவிர நாள் சமமாகவில்லை. கவ்வாத்துக்கு, அதாவது செடி வெட்டப் போனவர் அன்றைய கணக்குக்குரிய செடிகளை வெட்டிவிட்டு மத்தியானத்தோடு லயத்து வீட்டுக்குத் திரும்புவார், ஒரு பேர். அதே ஒரு பேருக்கு அவர் மனைவி மாலை நாலரைக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்பாள். வீட்டுக்குப் போன பிறகு தண்ணி, விறகு, இராச்சாப்பாடு. நிரை பிரித்துவிடும் கங்காணி அநேகமாக ஆண்தான். மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கிப்போகும் வழக்கத்தை என் மேசையிலேயே எத்தனையோ மாதம் பார்த்திருக்கிறேன். தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கும் நீங்கள் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியதில்லை.

இனி மத்திய கிழக்கு வேலை மீதான அந்த விருப்பத்தைப் பார்ப்போம். மூதூரிலிருந்து 17 வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்ட ரிசானா நஃபீக்குக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரணதண்டனை நிறைவேற்றினார்கள். அதே வருடம், பெண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்ற விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். கட்டாருக்குப் போகும் தகப்பனிடம் பிள்ளையின் வயதை யாரும் கேட்டதில்லை. கடன் வாங்க வைத்து அனுப்பிய ஏஜன்சிக்காரர்களையும் அந்த அறிக்கை தொடவில்லை. அறிக்கை கிடைக்காதவள் சுற்றுலா விசாவில் போனாள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதியில்லை, எஜமான் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால் அவள் அங்கே இருப்பதற்கே பதிவு கிடையாது. அரைப் பேரை மாதக்கணக்கில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதற்குத் துணிகிறாள். இதை விருப்பம் என்று எழுதலாமா ஐயா?

என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த சம்பள நாளுக்கு முன், 10ஆம் திகதிக்குள், சம்பளத் துண்டை எப்படி வாசிப்பது என்று பெரிய எழுத்தில் அரைப் பக்கம் போடுங்கள். முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை, சேமலாப நிதிக்கு 8 வீதம் (அந்த 1350க்கு என்றால் 108 ரூபாய்), சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள் என்று ஒவ்வொன்றாக. நிறுவையில் கழித்த கிலோவுக்கு அந்தத் துண்டில் இடமே கிடையாது. அதையும் எழுதுங்கள். படத்துக்கு வழக்கமாகப் போடும் சிரித்த முகம் வேண்டாம், துண்டின் படத்தையே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை,
பொகவந்தலாவை.