வடலிகளையும் வரைபடத்தில் ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு உயிர். அந்த நீரைக் காக்கப் பனை விதை நடுகிறோம், நல்லது. ஆனால் வடலி என்னும் இளம்பனைகள் நிற்கும் எந்தக் காணி வீட்டுமனையாகிறது, எந்தக் கரையில் கண்டல் காடு மெலிகிறது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

லான்ட்சாட் செய்மதிப் படங்கள் 2008 முதல் இலவசம். சென்டினல்-2 செய்மதியின் படங்களும் அப்படியே, ஒரு புள்ளி 10 மீற்றர் அகல நிலத்தைக் காட்டும் துல்லியத்தில். பழைய படத்தை இன்றையதோடு ஒப்பிட்டாலே பச்சை எங்கே சுருங்கியது என்று தெரியும். தனிப்பனை அதில் தெரியாது. அதற்கு மாணவர்கள் ஜி.பி.எஸ். கைபேசியோடு ஒழுங்கைகளில் நடந்து ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும், பனையில் கள்ளுச் சீவும் தொழிலாளரையும் கூட்டிக்கொண்டு. மரங்களை அவர்களைப்போல் அறிந்தவர் யார்?

அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகே பிரதேச சபைகள் காணி பிரிக்க அனுமதி வழங்கட்டும்.

வாசகர்,
சாவகச்சேரி